நீலம் ஏறிய வயல்

எங்கள் படக்குழுவில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஊர் சுற்றிவிட்டு வந்து ஒரு படத்தைக் குழுவில் போட்டால், நன்றாக இல்லை என்று யாரும் சொல்லமாட்டோம். அதற்குப் பதிலாக அந்தப் படத்தை எடுத்து, நமக்குத் தோன்றியபடி சரிசெய்து, திரும்பக் குழுவிலேயே போடுவோம். கீழே, "கொஞ்சம் தொட்டுட்டேன், கோச்சுக்காதீங்க" என்று ஒரு வரி. வெளிறிக் கிடந்த வானம் அடர்த்தியாகும். குறுக்கே போன மின்கம்பி காணாமல் போகும். சாய்ந்திருந்த வரப்பு நேராகும். படத்தைப் போட்டவர் உள்ளுக்குள் கடுகடுத்தாலும் வெளியே கைகூப்பி நன்றி சொல்லவேண்டும். அது எழுதப்படாத விதி.

எழுதப்படாத விதிகளை நான் அவ்வளவாக மதிக்கிறவன் இல்லை. என் படத்தில் கம்பியை எடு, கம்பத்தை எடு, நடுவில் நிற்கும் மாட்டைக்கூட ஓட்டிக்கொண்டு போ, ஒன்றும் சொல்லமாட்டேன். நிறத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது. வைத்தால் அன்று குழுவில் என் குரல்பதிவு வரும். அதை யாரும் பொது இடத்தில் வைத்துக் கேட்கமாட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

என் திமிருக்குக் காரணம் இருந்தது. சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. புதிதாகக் கலக்கிய பெயிண்டை ஒரு தகட்டில் பூசிக் காயவைத்து, பழைய மாதிரித் தகட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். ஒரு துளி கறுப்பு கூடியிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். பிறகு அதற்கும் இயந்திரம் வந்தது. இயந்திரம் சரி என்று காட்டிய பிறகும் மேனேஜர் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைத்தால்தான் டின்னில் ஊற்றுவார்கள். ஓய்வுபெற்று வெளியே வந்தபோது முட்டி தேய்ந்திருந்தது, ஒரு காது மந்தமாகியிருந்தது. கண் மட்டும் என்னோடு முழுதாக வந்தது என்று நம்பினேன். அதுவும் இல்லையென்றால் என்னிடம் என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்ததே கிடையாது.

ஓய்வுக்குப் பிறகு கேமரா வாங்கினேன், குழுவில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் வந்து நெருக்குவதற்கு முன், லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடிப் பசியாறுவோம். குழுவைத் தொடங்கியவரைத் தலைவர் என்று கூப்பிடுவோம். கணினி வேலை பார்க்கிறவர், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். தோசை ஆறுவதைப் பற்றிக் கவலையில்லாமல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொள்வார். இன்னொருவர் டீச்சர். தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், யாழ்ப்பாணத்து வழி. பேச்செல்லாம் எங்களைப் போலத்தான், கோபம் வந்தால் மட்டும் 'ஆமாம்' என்பது 'ஓம்' ஆகிவிடும். படம் சரிசெய்வதில் அவருக்கு நல்ல கை. பிள்ளைகளின் கட்டுரை திருத்தியவர் அல்லவா, அடிக்காமல் திருத்தத் தெரிந்தவர்.

என் மனைவியும் அந்த ஞாயிறுகளில் என்னோடு வருவாள், ஆனால் எங்கள் மேசைக்கு வரமாட்டாள். "எல்லாம் வயலுதானே, ஒரு வயலப் பாத்தா போதாதா?" என்பாள். கோயிலுக்குப் போய்விட்டு, மளிகைக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு, நான் எழுந்திருக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பாள். பையில் முருங்கைக்காயும் வெற்றிலையும் துணிக்குப் போடும் சொட்டு நீலமும் இருக்கும். 

சிங்கப்பூரில் வயல் இல்லை. ஆகவே எங்கள் குழுவுக்கு வயல் என்றால் பைத்தியம். ஆண்டுக்கு ஒருமுறை வேன் எடுத்துக்கொண்டு கடற்பாலத்தைத் தாண்டி, மலேசியாவின் மேற்குக் கரையில் ஒரு நெல் ஊருக்குப் போவோம். எப்போதும் அதே ஊர், அதே வாய்க்கால் கரை, பயிர் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும் அதே பருவம். தூரத்தில் வெள்ளையடித்த ஒரு பம்பு அறை தனியாக நிற்கும். அதைச் சுற்றித்தான் எங்கள் எல்லோருடைய படங்களும். எங்களில் ஒருவருக்கும் நெல் நடத் தெரியாது. பயிரில் கால் வைத்தால் எங்கே வைக்கக்கூடாது என்றும் தெரியாது. அங்கேயிருந்த சீன விவசாயி ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மோட்டார்சைக்கிளில் போவார்.

ஓய்வுபெற்ற புதிதில் அந்த வயல் எனக்குப் பச்சைப்பசேல் என்று இருந்தது. போகப்போக ஏதோ குறைந்தது. படத்தைக் கணினியில் திறந்தால் எல்லாவற்றிலும் ஒரு பழுப்பு, டீயைக் கொட்டித் துடைத்ததுபோல. கேமராதான் கெட்டுவிட்டது என்று முடிவுசெய்து சர்வீஸுக்குக் கொடுத்தேன். ஒன்றும் பழுதில்லை என்று திருப்பித் தந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? நானே கொஞ்சம் நீலத்தைக் கூட்டி அந்தப் பழுப்பைக் கொன்றேன். பம்பு அறை வெள்ளையாகும்வரை கூட்டுவேன். மற்றவர்கள் படத்தைத் தொட்டுக் கொடுக்கும்போதும் அதையே செய்தேன். "சூப்பர் அண்ணே" என்று பதில் வரும்.

வீட்டிலும் அதே கதைதான். கூடத்தில் புதிதாக மாட்டிய விளக்கு மஞ்சளாக எரிகிறது என்று கழற்றச் சொன்னேன். என் வேட்டி வெளுக்கவில்லை என்று மனைவியிடம் சத்தம்போட்டேன். "இதுதான் வெள்ளையா? நான் வெள்ளையப் பாத்தே சம்பாதிச்சவன். எங்கிட்டயே இதக் குடுக்கறியே?" என்று கேட்டேன். அவள் வேட்டியைத் தூக்கி ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் சொல்லாமல் அதைத் திரும்பத் துவைக்க எடுத்துப்போனாள். சோப்புத் தூள் மாறியது. சில வாரங்களில் வேட்டி வெளுத்து வந்தது. சொன்னால்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போது, பொங்கலையொட்டி எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் குழுவின் படங்களைக் கண்காட்சியாக வைக்க இடம் கிடைத்தது. தலைவர் எல்லோரிடமும் ஒரு படம் வாங்கிப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட ஏற்பாடு செய்தார். நான் கொடுத்தது விடியற்காலை வயல். வரப்பில் பனி, பின்னால் பம்பு அறை. என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களில் அதுதான் சிறந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரையும் வரச்சொல்லியிருந்தேன். பழைய மேனேஜரைக்கூட.

படங்களை மாட்டும் நாளன்று மன்றத்துக்குப் போனேன். சுவரில் என் பெயர் ஒட்டிய இடத்துக்கு மேலே தொங்கியது என் படம் இல்லை. வயல் அதுதான், பனி அதுதான். ஆனால் மஞ்சள்காமாலை வந்த வயல். பம்பு அறைச் சுவர் பழைய செய்தித்தாள் நிறத்தில் இருந்தது.

"யார் இதுல கை வெச்சது?" என்றேன். கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்தில் கோலப்போட்டிக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தலைவர் ஏணியிலிருந்து இறங்கினார். "அண்ணே, பிரிண்ட்ல கலர் கொஞ்சம் ஓடும்லா. கடைக்காரன்தான்..."

"கடைக்காரன் இல்ல," என்றார் டீச்சர். "ஓம், நான்தான் மாத்தினேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்த்தை சரியாக வரவில்லை. நிறம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா, சிவப்பு மையில் சுழித்துச் சுழித்துப் பழகிய கை சும்மா இருக்காதா என்று என்னென்னவோ கேட்டேன். டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் படத்தைத் திரும்ப மாற்றுகிறேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அது என்னை இன்னும் கிளப்பியது. படத்தைச் சட்டத்தோடு கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினேன். பேருந்தில் உட்கார்ந்தபடியே குழுவைவிட்டும் விலகினேன். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் திணித்தேன். கண்காட்சியில் என் இடம் காலியாகவே இருந்ததாம். மேனேஜர் வந்து தேடிவிட்டுப் போனாராம்.

இரண்டு மூன்று ஞாயிறு லிட்டில் இந்தியாப் பக்கம் போகவில்லை. மனைவி தனியாகப் போய் வந்தாள். அடுத்த ஞாயிறு அவளோடு டீச்சரும் வந்து வாசலில் நின்றார். வீட்டுக்கு வந்தவரை வா என்று சொல்லாமல் இருக்க முடியுமா? உட்காரச் சொன்னேன். மனைவி கோப்பி கலக்கப் போனாள்.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. ஒரு பலகைக் கணினியை என் முன்னால் வைத்தார். "அண்ணே, சண்டை போட வரல. நீங்க குழுவுல போட்ட பம்பு ரூம் படங்கள மட்டும் எடுத்து வரிசையா வெச்சிருக்கேன். முதல் வருஷத்துலேர்ந்து. பாருங்க."

பார்த்தேன். "நல்லாத்தானே இருக்கு."

"செவுரு என்ன கலர்?"

"வெள்ளை. முதல் வருஷத்துல மட்டும் கொஞ்சம் பழுப்பு."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு தான் அதே நாட்களில் அதே இடத்தில் நின்று எடுத்த படங்களை ஒவ்வொன்றின் கீழும் கொண்டுவந்து வைத்தார். முதல் வருடம் இரண்டும் ஒரே பழுப்பாக இருந்தன. பிறகு வந்தவற்றில் என்னுடையவை வரவர வெளுத்துக்கொண்டு போக, அவருடையவை பழுப்பாகவே நின்றன. "பாத்தீங்களா, ஒங்க கேமராவும் போச்சு," என்றேன்.

டீச்சர் அடுக்களைப் பக்கம் திரும்பி, "அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன்," என்றார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள். முதன்முறையாக என் வயலை உற்றுப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். விரலால் மேல்வரிசையைத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசிப் படத்துக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டாள்.

"இது நீலம்ங்க," என்றாள். "ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி நீலம்."

"டீச்சர்து?"

"அது வெள்ளை."

சொல்லிவிட்டு அவள் சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கே வெகுநேரம் தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. 

எனக்கு இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது, அப்போதும் நான் நம்பவில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டு ஏதோ சொல்கிறார்கள் என்றுதான் இருந்தது. எழுந்து போய் அலமாரி மேலிருந்து என் பழைய நிற அட்டையை எடுத்துவந்தேன். தொழிற்சாலையிலிருந்து எடுத்துவந்தது. விசிறிபோல விரியும், முழுக்க முழுக்க வெள்ளைகள். வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று வெளியாட்களுக்குத் தெரியாது. பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, தந்த வெள்ளை, சாம்பல் படர்ந்த வெள்ளை. இருட்டில் தடவியே சொல்லுவேன் என்று ஆட்களிடம் பீற்றிக்கொண்டது உண்டு. பேர் தெரியாமல் அடியை மடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தேன்.

எது பால், எது தந்தம் என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒன்றாக இருந்தன. அட்டையைத் திருப்பினேன், சாய்த்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றாகவே இருந்தன. சுண்ணாம்பு வெள்ளை எது என்று எனக்குத் தெரியவில்லை. அட்டை அப்படியே கையில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை.

டீச்சர் அட்டையை மெதுவாக வாங்கி மடித்து வைத்தார். "முதல்ல, அது ஒங்க ஸ்டைல்னு நெனச்சேன் அண்ணே. கலர் தெரிஞ்சவர், ஏதோ காரணமாத்தான் செய்றார்னு. குழுவுல எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சோம். ஒங்க படத்தப் பாத்து தலைவர்கூட கொஞ்ச நாள் நீலம் கூட்டினாரு." எனக்குச் சிரிப்பும் வந்தது. "பிரிண்ட் போடறப்பதான் பயம் வந்துச்சு. அத்தன பேர் முன்னாடி ஒருத்தர் ஏதாச்சும் சொல்லிட்டா ஒங்களுக்குத் தாங்காது. அதான் சொல்லாம மாத்திட்டேன். சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பேனா?"

"மாட்டீங்க," என்றார் டீச்சர்.

பலதுறை மருந்தகத்துக்கு, எங்கள் வட்டார அரசாங்க கிளினிக்குக்கு, போனோம், அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு முற்றவிட்டு எப்படி நடமாடினீர்கள் என்று கேட்டார். கண்புரை. வெள்ளையாகப் படர்வது ஒரு வகை, எனக்கு வந்தது கண்ணுக்குள் இருக்கும் வில்லையே மெல்ல மெல்லப் பழுத்துப் பழுப்பாகிப்போவது. கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் உலகமே மாறியதாகத்தான் தோன்றுமாம். எழுத்து மங்கியபோதெல்லாம் கடையில் தொங்கும் கண்ணாடியில் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டவனுக்கு இதை யார் சொல்வது? பழைய வில்லையை எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம், முதலில் வலது கண், ஆறிய பிறகு இடது கண் என்றார். நிறம் திரும்ப வருமா என்று மட்டும் கேட்டேன். வரும் என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் காலில் விழுந்திருப்பேன், முட்டி இடம்கொடுத்திருந்தால்.

அறுவைக்கு மறுநாள் வலது கண்ணின் மூடியை எடுத்தார்கள். முதலில் கண்டது தாதியின் சட்டை. அப்படி ஒரு வெள்ளையைப் பார்த்து எத்தனை காலமாகியிருந்தது! ஒரு கண்ணை மூடுவதும் மறு கண்ணை மூடுவதுமாக டாக்சியில் வந்தேன். வலது கண்ணில் வானம் கழுவிவிட்டதாக இருந்தது. இடது கண்ணில் அதே வானத்தின் மேல் டீ கொட்டியிருந்தது. டாக்சிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். கண்ணடிப்பதாக நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரிக்குப் போனேன். டீச்சர் மாற்றிய படத்தைப் பார்க்கவேண்டும். கதவைத் திறந்து, துணிகளுக்குப் பின்னால் கைவிட்டு இழுத்தேன். அந்த விடியல் அப்படியே வந்தது. பனிக்கு அடியில் இளம்பச்சை, வாய்க்காலில் வானத்தின் ஒரு துண்டு, சுண்ணாம்பு வெள்ளையில் பம்பு அறை. சந்தேகமே இல்லை, சுண்ணாம்பு வெள்ளை. அவர் வரப்பை நேராக்கவில்லை, கம்பியை எடுக்கவில்லை. நான் ஏற்றிய நீலத்தை மட்டும் இறக்கியிருந்தார். மற்றதெல்லாம் என் படம்தான்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அலமாரிக்குள் இருந்தவற்றைப் பார்த்தேன். என் வேட்டிகள் அடுக்காக இருந்தன. என் வெள்ளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் நீலம். வெளிர்நீலம்கூட இல்லை, ஒருவரும் வெள்ளை என்று சொல்லமுடியாத நீலம். இதைக் கட்டிக்கொண்டுதான் நான் கோயிலுக்குப் போயிருக்கிறேன். கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மனைவி பின்னால் வந்து நின்றாள். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வெள்ளையா இல்லைன்னு கத்துனீங்க," என்றாள். "எனக்கு வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. ஆனா நீங்க கலர் ஆளு. ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு ரெண்டு சொட்டு நீலம் கூடப் போட்டேன். சரின்னுட்டீங்க. அப்புறம் மறுபடியும் கத்துனீங்க. இன்னும் கொஞ்சம் போட்டேன்." முந்தானையைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "டீச்சர் அந்தப் படத்தக் காட்டுன அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. முன்னாடியே கண்ணக் காட்டச் சொல்லியிருக்கணும். நான்தான் மக்கு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வேட்டியை உருவி, அடுக்களை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். அங்கே துணி காயப்போடும் மூங்கில் கழிக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு, பழைய இடது கண்ணால் பார்த்தேன்.

வெள்ளை. ஒரு பிசிறு மஞ்சள் இல்லை, ஒரு பிசிறு நீலம் இல்லை. என் கண் பழுக்கப் பழுக்க, அந்தப் பழுப்புக்குச் சரியாக, சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றியிருக்கிறாள். அவள் கையில் மாதிரித் தகடும் இல்லை, இயந்திரமும் இல்லை, என் முகம் மட்டும்தான் இருந்தது. தொழிற்சாலையில் அவ்வளவு காலத்தில் நான்கூட இப்படி ஒரு நிறம் சேர்த்ததில்லை.

அதை அவளிடம் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேட்டியை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"அப்போ, இனிமே நீலம் வேணாம்தானே?" என்றாள்.

"இன்னொரு கண்ணு முடியற வரைக்கும் பாதி போடு," என்றேன்.